இரண்டு நாடுகள் உரிமை கொண்டாடும் ஓட்டக்காரர்

ஒலிம்பிக் போட்டியில் இந்தியாவின் கணக்கில் முதல் பதக்கம் சேர்த்தவர் யார்? ஹாக்கிக் குழு என்று சொல்பவர்கள் உண்டு. 1952-ல் ஹெல்சிங்கி நகரில் வெண்கலம் வாங்கிய மல்யுத்த வீரர் ஜாதவ் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே சரியான விடை அல்ல.

ஹாக்கியில் இந்தியா முதல் தங்கம் வாங்கியது 1928-ம் ஆண்டு. அதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே, 1900-ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், ஒருவர் இரண்டு வெள்ளி வாங்கியிருக்கிறார். அவர் கல்கத்தாவில் பிறந்து, கல்கத்தாவில் படித்து, கல்கத்தாவில் ஓடிப் பழகிய நார்மன் பிரிட்சார்ட்.

அவர் இறந்து 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பதக்கங்கள் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்ற தகராறு மட்டும் இன்னும் ஓயவில்லை.

கல்கத்தா இளைஞர்

இன்று கொல்கத்தா என்று அழைக்கப்படும் நகரம், அன்று வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தியாவின் தலைநகரமாக இருந்தது. அங்கே 1875-ம் ஆண்டு ஜூன் மாதம் 23-ந்தேதி நார்மன் கில்பர்ட் பிரிட்சார்ட் பிறந்தார். பழைய புத்தகங்கள் சிலவற்றில் 1877 என்று இருக்கும். அவருடைய பெற்றோர் ஆங்கிலேயர்கள். செயிண்ட் சேவியர் கல்லூரியில் படித்தார்.

படிக்கும் காலத்திலேயே அவருக்குக் கால்கள்தான் சொத்து. வங்காள மாகாணத்தின் 100 கஜ ஓட்டத்தில் 1894-ல் முதல் பரிசு பெற்றார். மறு வருஷமும் அவருக்கே பரிசு. அதற்கு அடுத்த வருஷமும் அவரேதான். இப்படி 1900 வரை தொடர்ந்து ஏழு வருஷங்கள் அந்தப் பரிசை வேறு யாருக்கும் அவர் விட்டுக் கொடுக்கவில்லை. 440 கஜ ஓட்டத்திலும், 120 கஜ தடை ஓட்டத்திலும் அவர் வெற்றி பெற்றதுண்டு.

கால்பந்திலும் கெட்டிக்காரர். 1897-ம் ஆண்டு ஜூலை மாதம் சோபாபஜார் குழுவுக்கு எதிராக செயிண்ட் சேவியர் குழுவில் ஆடினார். அந்த ஆட்டத்தில் அவர் ஒருவரே மூன்று கோல் போட்டார். இந்தியாவில் பொதுப் போட்டி ஒன்றில் ஒரே ஆட்டக்காரர் மூன்று கோல் போட்டது அதுதான் முதல் தடவை என்று கால்பந்து வரலாறு எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள்.

லண்டனில் கிடைத்த வாய்ப்பு

1900-ம் ஆண்டு பிரிட்சார்ட் இங்கிலாந்து சென்றார். அப்போது அவருக்கு வயது 25. அந்த ஆண்டு ஜூலையில் லண்டனில் நடந்த தடகளப் போட்டியில் 120 கஜ தடை ஓட்டத்தில் ஓடினார். இங்கிலாந்தின் மிகப் பெரிய தடகளப் போட்டி அதுதான். பாரிஸ் போகும் வழியில் அமெரிக்க வீரர்கள் பலர் அங்கே வந்து கலந்து கொண்டார்கள்.

அவர்களில் ஒருவர் ஆல்வின் கிரான்ஸ்லீன். தடை ஓட்டத்தையே புரட்டிப் போட்டவர் அவர். அதற்கு முன்பெல்லாம் தடை எதிரே வந்ததும் காலை மடக்கி எம்பிக் குதிப்பார்கள். ஒவ்வொரு குதியிலும் வேகம் குறைந்துவிடும். கிரான்ஸ்லீன் முன்காலை நேராக நீட்டி, ஓடுகிற ஓட்டத்திலேயே தடையைத் தாண்டினார். இன்றைய வீரர்களும் அந்த முறையில்தான் தாண்டுகிறார்கள்.

லண்டனில் கிரான்ஸ்லீன் முதலாவதாக வந்தார். அவருக்கு அடுத்தபடியாக வந்தவர் கல்கத்தா பிரிட்சார்ட். பாரிஸ் செல்லும் வாய்ப்பு அதனால் கிடைத்தது.

புல்தரையில் ஒலிம்பிக்

இன்றைய ஒலிம்பிக்கை மனதில் வைத்துக் கொண்டு அன்றைய ஒலிம்பிக்கை நினைத்துப் பார்க்கக் கூடாது. 1900-ல் பாரிஸில் ஒரு பெரிய உலகப் பொருட்காட்சி நடந்தது. அதன் ஒரு பகுதியாகத்தான் ஒலிம்பிக்கும் நடந்தது. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை இழுத்தடித்தார்கள். தாங்கள் கலந்து கொண்டது ஒலிம்பிக் என்பதே தெரியாமல் ஊர் திரும்பிய வீரர்கள் பலர்.

தடகளப் போட்டிகள் நடந்த இடம் நகரத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள ஒரு பூங்கா. ஓடுவதற்குத் தனியாகப் பாதை போடவில்லை. மேடும் பள்ளமுமான புல்தரையில்தான் ஓட வேண்டும். வட்டு எறிந்தால் மரத்தில் போய் மாட்டிக் கொள்ளும்!

பிரிட்சார்ட் ஐந்து போட்டிகளுக்குப் பெயர் கொடுத்திருந்தார். 60 மீட்டர், 100 மீட்டர் ஓட்டங்களில் இறுதிப் போட்டிக்கு வர முடியவில்லை. 110 மீட்டர் தடை ஓட்டத்தில் இறுதிப் போட்டிக்கு வந்தார். ஜூலை 14-ந்தேதி நடந்த அந்த இறுதிப் போட்டியை அவரால் ஓடி முடிக்க முடியவில்லை. அதிலும் வெற்றி கிரான்ஸ்லீனுக்கே.

இரண்டு நாள் கழித்து, ஜூலை 16-ந்தேதி, 200 மீட்டர் தடை ஓட்டம். இந்தப் போட்டி இப்போது ஒலிம்பிக்கில் கிடையாது. 1900-லும் 1904-லும் மட்டுமே நடந்தது. 110 மீட்டரில் தடையின் உயரம் மூன்றரை அடி. 200 மீட்டரில் இரண்டரை அடிதான். உயரம் குறைவாக இருப்பதால் வேகமாக ஓடுகிறவருக்கு இது ஏற்ற போட்டி. பிரிட்சார்டுக்கு வேகம் உண்டு.

கிரான்ஸ்லீன் 25.4 விநாடிகளில் முதலாவதாக வந்தார். பிரிட்சார்ட் 26.6 விநாடிகளில் இரண்டாவது. மூன்றாவதாக வந்தவர் இன்னொரு அமெரிக்கரான டியூக்ஸ்பரி. இரண்டு அமெரிக்க வீரர்களுக்கு நடுவே கல்கத்தாக்காரர் ஒருவர் வந்து நின்றார்.

ஜூலை 22-ந்தேதி தடை எதுவும் இல்லாத 200 மீட்டர் ஓட்டம். இந்த முறை டியூக்ஸ்பரி 22.2 விநாடிகளில் முதலாவதாக வந்தார். பிரிட்சார்ட் 22.8 விநாடிகளில் இரண்டாவது. ஆஸ்திரேலியாவின் ரவுலி பத்தில் ஒரு விநாடி பிந்தி மூன்றாவதாக வந்தார்.

முதல் மூன்று இடங்களுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பதக்கம் கொடுக்கும் வழக்கம் 1904-ல்தான் வந்தது. 1900-ம் ஆண்டு முடிவுகளைப் பிற்காலத்தில் அந்த முறைப்படி வரிசைப்படுத்தினார்கள். அப்படித்தான் பிரிட்சார்டின் பெயரில் இரண்டு வெள்ளி ஏறியது.

மைதானத்திலிருந்து மேடைக்கு

பாரிஸிலிருந்து அவர் திரும்பி வந்தது கல்கத்தாவுக்குத்தான். இந்தியக் கால்பந்து சங்கத்தின் செயலாளராக 1902 வரை பொறுப்பு வகித்தார். 1905-ல் கல்கத்தாவை விட்டுப் புறப்பட்டு இங்கிலாந்தில் குடியேறினார்.

அங்கே அவருடைய வாழ்க்கை யாரும் எதிர்பாராத வகையில் திரும்பியது. லண்டனில் சொந்தமாக நாடக அரங்கு வைத்திருந்த புகழ் பெற்ற நடிகர் சார்லஸ் விண்டம் அவரை நடிக்கத் தூண்டினார். ஓட்டக்காரர் நாடக மேடை ஏறினார். மேடைக்காக நார்மன் டிரெவர் என்று பெயரை மாற்றிக் கொண்டார். 1914-ல் அமெரிக்காவுக்குப் போனார். நியூயார்க் நாடகங்களில் நடித்த பிறகு சினிமாவிலும் நுழைந்தார்.

அது பேசாத படங்களின் காலம். 1921-ல் வந்த ஜேன் அயர் படத்தில் கதாநாயகன் ராச்செஸ்டர் அவர்தான். 1926-ல் வெளியாகிப் பெரிய வெற்றி பெற்ற போ ஜெஸ்ட் படத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்து மேஜராக வந்தார். மொத்தம் இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். ஒலிம்பிக்கில் ஓடிய வீரர் ஒருவர் ஹாலிவுட் நடிகரானது அதுவே முதல் தடவை.

திரையில் டிரெவர் என்ற பெயரைப் படித்தவர்களில், அவர் கல்கத்தாவில் ஓடியவர் என்பதை எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? பெயர் மாறியதோடு பழைய கதையும் மறைந்துவிட்டது.

கடைசிக் காலத்தில் மூளை நோய் அவரைத் தாக்கியது. கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை அடுத்த நார்வாக் என்ற ஊரில், 1929-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 30-ந்தேதி காலமானார். நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்து அமெரிக்காவே கலங்கி நின்றதற்கு மறுநாள் அது. அவருக்கு வயது 54.

எந்த நாட்டுக்காரர்?

பிரிட்டன் தரப்பில் சொல்லும் வாதம் வலுவானதுதான். பிரிட்சார்டின் பெற்றோர் ஆங்கிலேயர்கள். லண்டன் தடகளக் கழகத்தில் அவர் உறுப்பினர். லண்டன் போட்டியில் ஓடிய பிறகே பாரிஸ் போனார். அப்போது இந்தியா என்று ஒரு குழு பாரிஸ் போகவே இல்லை. இந்திய ஒலிம்பிக் சங்கம் தோன்றியதே 1927-ல்தான். எனவே அவர் ஓடியது பிரிட்டனுக்காக என்கிறார்கள். உலகத் தடகள அமைப்பு 2005 வாக்கில் வெளியிட்ட புள்ளிவிவரப் புத்தகத்திலும் அவர் பெயர் பிரிட்டனின் கணக்கிலேயே இருக்கிறது.

இந்தியத் தரப்பின் வாதம் வேறு. அவர் பிறந்த மண் இது. ஏழு வருஷம் பரிசு வாங்கிய மைதானம் இங்கே இருக்கிறது. வங்காளத் தடகளக் கழகத்திலும் அவர் உறுப்பினர். இங்கிலாந்தில் அவர் குடியேறியது பாரிஸ் போட்டி முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியும் இரண்டு வெள்ளியையும் இந்தியாவின் கணக்கில்தான் வைத்திருக்கிறது.

இது வெறும் ஏட்டுத் தகராறு என்று ஒதுக்கிவிட முடியாது. பிரிட்சார்டுக்குப் பிறகு தடகளத்தில் இந்தியா பட்ட பாடு அப்படி. 1960-ல் ரோம் நகரில் மில்கா சிங் 400 மீட்டரில் நான்காவதாக வந்தார். 1964-ல் டோக்கியோவில் குர்பச்சன் சிங் ரண்டாவா 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஐந்தாவது இடம் பெற்றார். 1984-ல் பி.டி.உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைப் பறிகொடுத்தார். அந்த ஓட்டம் நடந்தது, பிரிட்சார்ட் கண்ணை மூடிய ஊருக்குப் பக்கத்தில் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸில்!

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அரியானா விவசாயியின் மகன் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வென்றார். அன்று பழைய கேள்வி மறுபடியும் எழுந்தது. ஒலிம்பிக் தடகளத்தில் இந்தியாவுக்கு அது முதல் பதக்கமா, மூன்றாவது பதக்கமா? பிரிட்சார்டை யார் கணக்கில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது விடை.

2024-ல் ஒலிம்பிக் மீண்டும் பாரிஸ் வந்தது. துப்பாக்கி சுடும் வீராங்கனை மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கினார். சுதந்திர இந்தியாவில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். அதற்கு முன்னால் அப்படி வாங்கியவர் யார் என்று புரட்டிப் பார்த்தபோது, 124 ஆண்டுகளுக்கு முன் அதே பாரிஸில் ஓடிய பிரிட்சார்டின் பெயர் பத்திரிகைகளில் வந்தது.

பிறந்தது ஓர் ஊர், பிழைத்தது ஓர் ஊர், கண்ணை மூடியது இன்னோர் ஊர் என்ற வாழ்க்கை பிரிட்சார்டுக்கு மட்டும் வாய்த்ததல்ல. வேலை தேடி மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். சொந்த ஊர் எது என்று மனுவில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரே ஒரு ஊர்ப் பெயர் எழுதத்தான் இடம் உண்டு. அவருடைய பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தில் எந்த நாட்டை எழுதுவது என்று அறிஞர்கள் வாதாடிக் கொண்டே இருக்கட்டும். பாரிஸின் புல்தரையில் அந்த வெள்ளிகளை வென்ற கால்களுக்கு ஓடக் கற்றுக் கொடுத்தது கல்கத்தா மைதானம். அதை மட்டும் எந்தப் புள்ளிவிவரப் புத்தகமும் அழித்துவிட முடியாது.