நான்கு கையொப்பங்கள்

அமெரிக்க விடுதலைப் போர் என்றதும் நம் நினைவில் முதலில் நிற்பவர் படை நடத்திய ஜார்ஜ் வாஷிங்டன். அவரை அடுத்து நிற்பவர் விடுதலைப் பிரகடனத்தைத் தீட்டிய தாமஸ் ஜெபர்சன். கல்லூரி வாயிலை மாணவராக மிதிக்காத, குடியரசுத் தலைவர் பதவியிலும் அமராத இன்னொரு பெரியவரை, இடியோடும் மின்னலோடும் பட்டத்தோடும் சேர்த்துப் பள்ளிப் பாடத்தில் படித்ததோடு நாம் மறந்துவிடுகிறோம். அவர்தாம் பெஞ்சமின் பிராங்க்ளின்.

இங்கிலாந்து மன்னருக்குக் கட்டுப்பட்டிருந்த 13 குடியேற்ற நாடுகள் ஒரு குடியரசாக உருப்பெற்றதற்கு நான்கு ஏடுகள் அடிப்படை. 1776-இல் விடுதலைப் பிரகடனம். 1778-இல் பிரான்சுடன் செய்துகொண்ட நட்புறவு உடன்படிக்கை. 1783-இல் பாரிஸ் அமைதி உடன்படிக்கை. 1787-இல் அரசியல் சட்டம். இந்த நான்கிலும் கையொப்பமிட்டவர் உலகில் ஒரே ஒருவர். அவர் பிராங்க்ளின். ஒவ்வொரு கையொப்பத்திற்கும் அவர் ஒரு விலை கொடுத்தார். அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

அச்சுக்கூடத்துச் சிறுவன்

பிராங்க்ளின் 1706 சனவரி 17-ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை மெழுகுவத்தியும் சவுக்காரமும் செய்து விற்றவர். பதினேழு குழந்தைகள் கொண்ட பெரிய குடும்பம். பத்து வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. பன்னிரண்டாம் வயதில் தமையனாரின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். தமையனாரின் கண்டிப்பைப் பொறுக்க மாட்டாமல் 1723-இல் வீட்டை விட்டு வெளியேறிப் பிலடெல்பியா சென்றார். கையில் இருந்தது சிறிதளவு காசே. ஆனால் எழுத்துக் கோக்கும் விரல்களும், இரவெல்லாம் படிக்கும் ஆர்வமும் இருந்தன.

உழைப்பு உயர்வைத் தந்தது. சொந்தமாக அச்சுக்கூடம், செய்தித்தாள், ஆண்டுதோறும் பஞ்சாங்கம் என்று தொழில் வளர்ந்தது. செல்வம் சேர்ந்ததும் அவர் ஊரை மறக்கவில்லை. 1731-இல் உறுப்பினர் சந்தா கொண்டு நூலகம் கண்டார். 1736-இல் தீயணைப்புக் குழு அமைத்தார். நாற்பத்திரண்டாம் வயதில் தொழிலிலிருந்து ஓய்வு பெற்று மின்னியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1752-இல் நடந்த பட்டச் சோதனையில் அவருக்குத் துணை நின்றவர் மகன் வில்லியம். படங்களில் சிறுவனாகக் காட்டப்படும் அவர் அப்போது வளர்ந்த இளைஞர். இந்த மகனை நினைவில் வையுங்கள். வரலாறு மீண்டும் இவரிடம் வரும்.

சேர்ந்து வாழ விரும்பியவர்

பிராங்க்ளின் பிறவிப் புரட்சிக்காரர் அல்லர். பிரிட்டிஷ் பேரரசின் பெருமையில் தமக்கும் பங்குண்டு என்று நம்பியவர். 1754-இல் பிரெஞ்சுக்காரர்களோடு போர் மூளும் அபாயம் நெருங்கியபோது, குடியேற்ற நாடுகளின் பிரதிநிதிகள் ஆல்பனி நகரில் கூடினார்கள். மன்னர் நியமிக்கும் ஒரு தலைவர், சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு பொதுமன்றம் என்று அவர் ஓர் ஒற்றுமைத் திட்டம் வகுத்துக் கொடுத்தார். குடியேற்ற நாடுகளோ தங்கள் அதிகாரம் பறிபோகும் என்று அஞ்சி அதைத் தள்ளின. மக்கள் மன்றத்திற்கு இவ்வளவு உரிமையா என்று இலண்டனும் ஒதுக்கிவிட்டது. ஒற்றுமை விதை அன்று முளைக்கவில்லை.

1757 முதல் இடையில் சில காலம் நீங்கலாக 1775 வரை, குடியேற்ற நாடுகளின் சார்பாளராக அவர் இலண்டனில் வாழ்ந்தார். 1765-இல் முத்திரை வரிச் சட்டம் வந்தது. பத்திரங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் முத்திரைத் தாள் வாங்கியாக வேண்டும். தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத பாராளுமன்றம் தங்கள்மீது வரி போடுவதா என்று அமெரிக்கா கொதித்தது. அந்தக் கொதிப்பின் அளவைப் பிராங்க்ளின் முதலில் உணரவில்லை. வரித் தாள் விற்கும் பொறுப்புக்குத் தம் நண்பர் ஒருவரையே பரிந்துரைத்தார்! சினந்த மக்கள் பிலடெல்பியாவில் அவர் வீட்டைத் தாக்கப் போவதாகச் செய்தி பரவியது. அவர் மனைவி டெபோரா துப்பாக்கியோடு வீட்டைக் காத்து நின்றார்.

தவறு புரிந்ததும் பிராங்க்ளின் முழுமூச்சாக எதிர்த்தார். 1766 பிப்ரவரியில் பாராளுமன்ற மக்களவையின் முன் நின்று, நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகளுக்கு அமைதியாக விடையளித்தார். அடுத்த மாதமே சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் வரி விதிக்கும் உரிமையைப் பாராளுமன்றம் விட்டுக்கொடுக்கவில்லை. புதுப்புது வரிகள் வந்தன. 1773-இல், நம் நாட்டில் வேரூன்றிக் கொண்டிருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியை நட்டத்திலிருந்து மீட்பதற்காகத் தேயிலைச் சட்டம் வந்தது. டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது.

ஆளுநர் ஹட்சின்சன் எழுதிய கடிதங்களைப் பிராங்க்ளின் முன்பே பாஸ்டனுக்கு அனுப்பியிருந்தார். குடியேற்ற மக்களின் உரிமையைக் குறைக்க வேண்டும் என்ற கருத்து அவற்றில் இருந்தது. அந்தக் கடிதங்கள் அச்சேறின. 1774 சனவரி 29 அன்று மன்னரின் ஆலோசனை மன்றம் அவரை அழைத்து நிறுத்தியது. அறுபத்தெட்டு வயது முதியவர். அரசு வழக்கறிஞர் ஒருவர் அவரைத் திருடன் என்ற பொருள்பட நெடுநேரம் ஏசினார். அவையோர் சிரித்தனர். பிராங்க்ளின் முகத்தில் ஓர் அசைவும் காட்டாமல் நின்றார். விரைவிலேயே அஞ்சல் துறைப் பதவி பறிக்கப்பட்டது.

அப்போதும் அவர் சமரசத்தைக் கைவிடவில்லை. பாஸ்டனைத் தண்டிக்கும் சட்டங்களை நீக்கினால், கொட்டிய தேயிலைக்கு உரிய பணத்தைத் தாமே பொறுப்பேற்றுத் தருவதாகக் கூறினார். பலன் இல்லை. பிரிந்து போக விரும்பாத ஒருவரையே பிரிவினைக்குத் தள்ளிய பெருமை இலண்டன் ஆட்சியாளர்களைச் சாரும்!

முதற் கையொப்பம்: பிரிவு

1775 மே 5-ஆம் நாள் அவர் பிலடெல்பியாவில் கரையிறங்கினார். அவர் கடலில் இருந்தபோதே, ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனில் போர் தொடங்கிவிட்டது. மனைவியோ முந்தைய டிசம்பரிலேயே மறைந்துவிட்டார். மறுநாளே அவர் காங்கிரசு பேரவைக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலைப் பிரகடனத்தை உருவாக்க அமைத்த ஐவர் குழுவில் இடம்பெற்றார். ஜெபர்சன் எழுதிய வரைவில் சில திருத்தங்கள் செய்தார். 1776 சூலை 4-இல் பிரகடனம் ஏற்கப்பட்டது. எழுபது வயதில் அவர் அதில் கையொப்பமிட்டார். தோற்றால் அது தூக்குக் கயிற்றுக்குத் தாமே கொடுத்த ஒப்புதலாகிவிடும்.

அந்தக் கையொப்பத்தின் விலை என்ன? நாம் நினைவில் வைத்த மகன் வில்லியம், அப்போது நியூஜெர்சியின் அரச ஆளுநர். தந்தையின் செல்வாக்கால் அந்தப் பதவிக்கு வந்தவர். மன்னருக்குச் செய்த உறுதிமொழியை மீற மாட்டேன் என்று அவர் உறுதியாக நின்றார். 1776 சூனில் புரட்சியாளர்கள் அவரைக் கைது செய்தனர். பின்னர் தனிமைச் சிறையில் அடைத்தனர். நியூயார்க்கில் மனைவி நோயுற்றுக் கிடந்தபோது சென்று காணவும் அனுமதி கிடைக்கவில்லை. 1777-இல் அந்த அம்மையார் மறைந்தார். பேரரசு பிளந்தபோது ஒரு குடும்பமும் பிளந்தது.

இரண்டாம் கையொப்பம்: நட்பு

பிரகடனம் எழுதினால் மட்டும் நாடு விடுதலை அடைந்துவிடுமா? வெடிமருந்து வேண்டும், கப்பல் வேண்டும், பணம் வேண்டும். 1776 இறுதியில் பிராங்க்ளின் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். வில்லியத்தின் மகன் டெம்பிள், தாத்தாவின் செயலாளராக உடன் சென்றார். தந்தை சிறையில், மகன் எதிரணியின் தூதரகத்தில்!

பொய்முடி தரித்த பிரபுக்களிடையே எளிய உடையும் உரோமத் தொப்பியுமாக நடந்த அந்த அறிஞரைப் பாரிஸ் மக்கள் கொண்டாடினர். எனினும் பிரெஞ்சு அரசு காத்திருந்தது. 1777 அக்டோபரில் சரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படை முழுவதும் சரணடைந்த பிறகே நம்பிக்கை பிறந்தது. 1778 பிப்ரவரி 6-இல் நட்புறவு உடன்படிக்கை கையொப்பமாயிற்று. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் காரன்வாலிஸ் பிரபு சரணடையக் காரணம், வாஷிங்டனின் படையோடு பிரெஞ்சுத் தரைப்படையும் கப்பற்படையும் சேர்ந்து நின்றதே. அந்தக் காரன்வாலிஸ்தான் 1786-இல் நம் நாட்டுக்குத் தலைமை ஆளுநராக வந்து, பின்னர் திப்பு சுல்தானோடு போரிட்டவர்.

பாரிஸில் இட்ட கையொப்பத்தின் எதிரொலி நம் கடற்கரையிலும் கேட்டது. பிரான்சும் இங்கிலாந்தும் பகையானதும், 1778 அக்டோபரில் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றினர். 1783 சூனில் கடலூரில் இரு படைகளும் மோதிக் கொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்து போர் நின்றது. எங்கோ நடந்த விடுதலைப் போரில் நம் மண்ணிலும் குருதி சிந்தியிருக்கிறது!

மூன்றாம் கையொப்பம்: அமைதி

1782-இல் சமாதானப் பேச்சு தொடங்கியது. பிரான்சைக் கலந்தே பேச வேண்டும் என்பது காங்கிரசின் கட்டளை. ஆனால் ஜான் ஆடம்ஸ், ஜான் ஜே ஆகியோருடன் சேர்ந்து பிராங்க்ளின் தனியாகவே பேசி முடித்தார். பிரெஞ்சு அமைச்சர் வருந்தினார். பிராங்க்ளினோ பணிவாக ஒரு கடிதம் எழுதி வருத்தத்தை ஆற்றியதோடு, மேலும் கடனும் பெற்றுவிட்டார்! 1783 செப்டம்பர் 3-இல் உடன்படிக்கை நிறைவேறியது. விடுதலை ஏற்கப்பட்டது, மிசிசிபி ஆறு வரை எல்லை விரிந்தது. அந்த நிலத்தில் வாழ்ந்த பழங்குடி மக்களை மட்டும் எவரும் கேட்கவில்லை.

பேச்சில் ஒரு பொருளில் அவர் இரும்பாக நின்றார். மன்னர் பக்கம் நின்று உடைமை இழந்தோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று இங்கிலாந்து கேட்டது. எதையும் விட்டுக்கொடுத்துப் பேசும் பிராங்க்ளின் இதற்கு இணங்கவே மறுத்தார். அவர்களுள் ஒருவர் வில்லியம் என்பதை நாம் எப்படி மறப்பது? 1784-இல் மகன் உறவைப் புதுப்பிக்க வேண்டிக் கடிதம் எழுதினார். தம் முதுமையில் மகன் கைவிட்டதைப் போல வேறெதுவும் தம்மைப் புண்படுத்தவில்லை என்பது தந்தையின் மறுமொழி. 1785-இல் சவுதாம்ப்டன் துறைமுகத்தில் இருவரும் சந்தித்தனர். கணக்கு வழக்குகளும் நிலப் பத்திரங்களும் முடிந்தன, உறவு மலரவில்லை. அதன்பின் அவர்கள் சந்திக்கவே இல்லை. எதிரி நாட்டை மன்னித்தவரால் பெற்ற மகனை மன்னிக்க இயலவில்லை.

நான்காம் கையொப்பம்: சட்டம்

விடுதலை பெற்ற 13 நாடுகளும் ஒரு தளர்ந்த கூட்டமைப்பாக இருந்தன. காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. போர்க் கடனை அடைக்க வழியில்லை. 1786-இல் மாசசூசெட்சில் கடனில் மூழ்கிய உழவர்கள் கிளர்ந்தெழுந்து நீதிமன்றங்களை மூடினர். கட்டிய வீடு கூரை வேயுமுன் சாய்ந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது.

1787 மே மாதம் பிலடெல்பியாவில் அரசியல் சட்ட மாநாடு கூடியது. எண்பத்தொரு வயதுப் பிராங்க்ளினே அங்கு மூத்தவர். நோயால் நடக்க இயலாத நிலையில் பல்லக்கு நாற்காலியில் வந்தார். மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்கள் வேண்டும் என்றன பெரிய மாநிலங்கள். எல்லோருக்கும் சம இடம் வேண்டும் என்றன சிறிய மாநிலங்கள். மாநாடு முறியும் நிலை. கீழவையில் மக்கள்தொகைக்கு ஏற்ற இடம், மேலவையில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் சம இடம், வரி மசோதா கீழவையில் தொடங்கும் என்ற சமரசத்தை உருவாக்கிய குழுவில் அவர் முன்னின்றார்.

ஒரே அவை போதும் என்பதும், ஆட்சித் தலைவர்களுக்கு ஊதியம் கூடாது என்பதும் அவருடைய சொந்தக் கருத்துகள். இரண்டும் தோற்றன. ஆயினும் செப்டம்பர் 17 அன்று, தம் அறிவே முழுமையானது என்ற எண்ணத்தை ஒவ்வொருவரும் சற்றே ஐயுற்றுக் கையொப்பமிட வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். 39 பேர் கையொப்பமிட்டனர். 1754-இல் ஆல்பனியில் முளைக்காத விதை, முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் முளைவிட்டது. 1789 ஏப்ரல் 30-இல் வாஷிங்டன் முதற் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார்.

நிறைவேறாத ஐந்தாவது

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு கறை இருந்தது. அடிமைகள் ஐவரை மூவராகக் கணக்கிட்டது அது. அடிமைகளைக் கொண்டுவருவதை 1808 வரை தடுக்கக் கூடாது என்றது. சமரசத்தின் விலையை, மாநாட்டில் குரலே இல்லாத மக்கள் கொடுத்தனர். பிராங்க்ளினும் கறைபடாதவர் அல்லர். அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர். அவர் செய்தித்தாளில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன. முதுமையில் அவர் மனம் மாறியது. அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில், அடிமைகளுக்கு விடுதலை வேண்டும் என்னும் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டுக் காங்கிரசுக்கு அனுப்பினார். தென்மாநில உறுப்பினர்கள் சீறினர். மாநிலங்களுக்குள் அடிமைகளை விடுவிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று அவை கைவிரித்தது.

ஏப்ரல் 17-ஆம் நாள், எண்பத்து நான்காம் வயதில் பிராங்க்ளின் மறைந்தார். நான்கு ஏடுகளும் நிறைவேறின. ஐந்தாவது கிடப்பில் போயிற்று. அது நிறைவேற மேலும் எழுபத்தைந்து ஆண்டுகளும், பல இலட்சம் உயிர்களைக் குடித்த ஓர் உள்நாட்டுப் போரும் தேவைப்பட்டன. 1865-இல்தான் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது.

மாணவ நண்பர்களே! சினம் தளையை உடைக்கும். ஆனால் நாட்டைக் கட்டி முடிக்காது. உடைத்த பிறகு நட்புத் தேட வேண்டும், அமைதி பேச வேண்டும், சட்டம் இயற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் விட்டுக்கொடுக்கும் பொறுமை வேண்டும். ஆனால் விட்டுக்கொடுக்கும்போது, நாம் கொடுப்பது நம்முடையதா, அல்லது பேச வாய்ப்பில்லாத பிறருடையதா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பிராங்க்ளின் காலம் தாழ்த்தியே கேட்டார். நாம் முன்னதாகவே கேட்போம்.