கெமிஸ்தம் தந்த கிறீன்

வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவிலே பிறந்தார். 1847இல் வட்டுக்கோட்டைக்கு வந்து, மறு ஆண்டில் மானிப்பாயில் வைத்தியப்பணி தொடங்கினார். உத்தியோகத்துக்கு ஆங்கிலமே வாயிலாயிருந்த அக்காலத்தில், ஊர்தோறும் வைத்தியர் வேண்டுமெனக் கருதி, மாணாக்கருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் புகட்டினார். 1873இல் தாயகம் மீண்ட பின்னரும் தமிழ்ப்பணியை விட்டாரல்லர். அவர் முயற்சியாற் கெமிஸ்தம் என்னும் இரசாயன நூல் 1875இல் தமிழில் வெளிவந்தது. 1884இல் மறைந்தார்.

கந்தகவமில மூலக்கூறு ஒன்றுக்குச் சோடியமைதரொட்சைட்டு இரண்டு. விளைவது உப்பு ஒன்று, நீர் இரண்டு எனச் சமன்பாடு நம் வகுப்பறையில் தமிழில் ஒலிக்குந்தோறும் யாம் அன்னாரை நினைவோம். அவர் சமயம் வேறு. நாம் பெற்ற செல்வமோ நமது மொழிக்குரியது. சமன்பாட்டில் இருபுறமும் ஒத்தல் வேண்டும். பெற்றதற்கு ஈடாகப் புதிய அறிவியல் நூல்களைத் தமிழில் ஆக்கினோமா? அக்கணக்கில் நம் பக்கம் இன்னும் குறைவே.