ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்

டிசம்பர் 22 கணித மேதை ராமானுஜனின் பிறந்த நாள். தேசிய கணித நாளும் அதுதான். 1729 கதையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அவருக்குப் பட்டம் வாங்கித் தந்த எண்களைப் பற்றி இந்த இதழில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டியிலிருந்து 60 பெட்டி திராட்சை வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2, 3, 4, 5, 6, 10, 12 என எத்தனை வீட்டுக்கும் மிச்சமில்லாமல் பங்கு போடலாம். 60ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 12. அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. 100 பெரிய எண்தான், ஆனால் அதற்கு 9 மட்டுமே. 60 போல, தனக்கு முந்திய எல்லா எண்களையும்விட அதிக எண்களால் வகுபடுபவற்றைத்தான் ராமானுஜன் ஆராய்ந்தார்.

1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். தந்தை ஜவுளிக்கடைக் கணக்கர். கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காததால் உதவித்தொகை பறிபோனது. எஃப்.ஏ. தேர்வில் 1906இலும் 1907இலும் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச்சில் கப்பலேறினார்.

1915இல் இந்த எண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை லண்டனில் வெளியானது. அதற்காக 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் தந்தது. எஃப்.ஏ. தேறாத குமாஸ்தா பட்டதாரி ஆனது இப்படித்தான்.

அந்தக் கட்டுரையில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதன் கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 10,080! கால்குலேட்டர் இல்லாத காலத்தில் எல்லாம் கையால் போட்ட கணக்கு.

வங்கியில் பேரேடு எழுதியவன் என்பதால் என்னைக் கவர்ந்தது வேறொன்று. அந்தப் பட்டியலில் ஒரு பதிவு விடுபட்டிருக்கிறது: 2,93,31,86,25,600. இதற்கு வகுக்கும் எண்கள் 5,040. கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் கிடைப்பது இதேதான்! உங்கள் செல்போனில் போட்டுப் பாருங்கள். விட்டுப்போன எண் பட்டியலின் கடைசி வரிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1919இல் நோயாளியாகத் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் மறைந்தார். வயது 32.

ஒரு பதிவு விட்டுப்போனதால் அந்தக் கட்டுரையின் பெருமை குறையவில்லை. இரண்டு முறை தேறாததால் அவரும் குறைந்துவிடவில்லை. அரையாண்டு மதிப்பெண் அட்டை வீட்டுக்கு வரும் நாளில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.