கேட்காமல் விட்ட கேள்வி

காலை பிரேயர் மணியிலிருந்து சாயங்காலம் வீட்டுக்குப் போற வரைக்கும் நாம பேசிக்கிட்டே இருக்கோம். அதெல்லாம் உரையாடல்தானா? இதை வாழ்நாள் முழுக்கச் சிந்தித்தவர் தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர்.

இவர் 8.2.1878 அன்று வியன்னா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட்டனர். லெம்பெர்க் நகரில் தாத்தா, பாட்டி வளர்த்தனர். அம்மாவைப் பற்றி அவரிடம் யாரும் வாய் திறக்கவில்லை. அவருக்கு நாலு வயதானபோது, பெரிய பெண் ஒருத்தி, உன் அம்மா இனி வரவே மாட்டாங்கன்னு சொல்லிட்டாள். அந்த வலி கடைசிவரை அவருக்கு மறக்கவில்லை.

1914-ல் ஜெர்மனியில் நடந்தது இது. பூபர் காலையில் தியானத்தில் மூழ்கியிருந்தார். பிறகு ஓர் இளைஞர் அவரைப் பார்க்க வந்தார். பூபர் அன்பாகத்தான் பேசினார். கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னார். ஆனா அவர் மனசு அங்கே முழுசா இல்லை. கொஞ்ச காலம் கழித்து அந்த இளைஞர் உயிரோடு இல்லை என்று தெரிந்தது. அவர் ஏதோ பெரிய மனக்கலக்கத்தோடு வந்திருக்கிறார். அவர் கேட்காமல் விட்ட கேள்வியைத் தான் கவனிக்கவில்லையே என்று பூபர் மிகவும் வருந்தினார்.

1923-ல் 'நானும் நீயும்' என்ற புகழ்பெற்ற நூலை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். எதிரில் இருப்பவரை ஒரு பொருளைப் போல 'அது' என்று பார்க்கலாம். மனுஷராக 'நீ' என்றும் பார்க்கலாம் என்றார்.

பேச்சை மூன்று வகையாகவும் பிரித்தார். பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்பது தகவலுக்கான பேச்சு. அதுவும் தேவைதான். ரெண்டு பேரும் தன் கதையை மட்டுமே சொல்லிக்கிட்டிருந்தா, அது உரையாடல் வேஷம் போட்ட தனிப்பேச்சு. எதிரில் இருப்பவரை முழு மனசோடு கவனிப்பதே உண்மையான உரையாடல். அது மௌனத்திலும் நடக்கும்!

ஹிட்லர் ஆட்சியின் கொடுமையால் 1938-ல் ஜெருசலேம் சென்று, பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். யூதர்களும் அரேபியர்களும் பேசிப் புரிந்துகொண்டு சேர்ந்து வாழணும் என்று வலியுறுத்தினார். அதற்காகச் சொந்த மக்களிடமே எதிர்ப்பைச் சந்தித்தார். 13.6.1965 அன்று மறைந்தார். அவர் இறுதிச் சடங்கில் அரபு மாணவர்களும் மலர்வளையம் வைத்தனர்.

நண்பர்களே! பக்கத்து பெஞ்சுல ஒருத்தர் முகம் வாடியிருக்கும். என்னாச்சுன்னு கேட்டா, ஒண்ணுமில்லன்னு சொல்வாங்க. அதோட விட்டுட்டுப் போகாம, கொஞ்ச நேரம் கூட உட்காருவோமா?