வரிபாக்கிக்குக் காவலில் இருந்த ஆழ்வார்

கடலூருக்கு மேற்கே, கெடில நதிக்கரையில் இருக்கிறது திருவயிந்திரபுரம். அங்கே எழுந்தருளியுள்ள தேவநாயகப் பெருமாளுக்கு ‘அடியவர்க்கு மெய்யன்’ என்றும் ஒரு திருநாமம் உண்டு. அடியாரிடம் சொன்ன சொல் தவறாதவன் என்பது பொருள். இத்தலத்தைப் பாடிய ஆழ்வார் ஒருவரே, அவர் திருமங்கையாழ்வார். தெய்வம் சொல் தவறாது என்பதை அவர் ஏட்டில் படித்து அறியவில்லை. அரசாங்கத்துக்கு வரிபாக்கி வைத்துக் காவலில் கிடந்தபோது கண்டறிந்தார்!

சீகாழியை அடுத்த திருக்குறையலூரில், கார்த்திகை மாதம் கிருத்திகை நட்சத்திரத்தில் பிறந்தவர் அவர். இயற்பெயர் நீலன். தந்தை சோழனின் சேனைத் தலைவர். மகனும் வேலெடுத்துப் புகழ் பெறவே, சோழன் அவருக்கு ஆலிநாட்டைக் கொடுத்து, ஆண்டுதோறும் கப்பம் கட்டி வரும்படி ஏற்பாடு செய்தான். பல்லவமல்லன் என்ற நந்திவர்மனின் வெற்றிகளை ஆழ்வார் பாடியிருப்பதால், காலம் எட்டாம் நூற்றாண்டு எனலாம். தஞ்சைச் சோழர் தலையெடுக்க இன்னும் நூறாண்டு இருந்தது. ஆகவே கதையில் வரும் சோழன் சிற்றரசனாகவே இருந்திருப்பான். சிற்றரசனுக்குக் கப்பம் நின்றால் உறைக்காமல் இருக்குமா?

கப்பம் நின்றதற்குக் காரணம் ஒரு பெண். திருநாங்கூர்ப் பகுதியில் ஒரு வைத்தியர் வீட்டில் வளர்ந்த குமுதவல்லியை நீலன் மணக்க விரும்பினார். அவளோ, வைணவராகி, நாள்தோறும் 1,008 அடியார்களுக்கு ஓராண்டு அமுது படைக்க வேண்டும் என்றாள். கணக்குப் போட்டால் 3,67,920 இலைகள்! எந்தக் குறுநில மன்னனின் களஞ்சியம் தாங்கும்? கப்பப் பணமும் அடுப்படிக்கே போயிற்று.

வசூலுக்கு வந்தவர்களிடம் இன்று, நாளை என்று தவணை சொன்னார் நீலன். அவர்கள் நெருக்கவே, அடித்து விரட்டினார். படை வந்தது; அதுவும் தோற்றது. பிறகு மந்திரி இதமாகப் பேசி அழைத்துப் போய், ஒரு கோயிலில் காவல் வைத்தான். அடியார்கள் உண்ணாமல் தாம் உண்ண மனமின்றி, மூன்று நாள் பட்டினி கிடந்தார் நீலன். அப்போது காஞ்சி வரதராஜப் பெருமாள் கனவில் தோன்றி, காஞ்சிக்கு வந்தால் பொருள் தருவதாகச் சொன்னார் என்று குருபரம்பரை கூறும்.

காவலர் சூழக் கைதியாகவே காஞ்சிக்குப் போனார். அங்கே மறுபடியும் ஒரு கனவு. வேகவதி ஆற்றங்கரையில் காட்டிய இடத்தைத் தோண்டப் புதையல் கிடைத்தது. கப்பம் முழுவதும் அங்கேயே மந்திரியிடம் செலுத்தப்பட்டது. மீதி அன்னதானத்துக்குப் போயிற்று.

இந்த உதவி வந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். விலங்கு தானாகத் தெறிக்கவில்லை. மன்னன் கண் குருடாகவில்லை. பாக்கி வஜா செய்யப்படவும் இல்லை. பக்தனுக்காகப் பகவானே கடனைத் தீர்க்க வழி செய்தார். மன்னன் பங்கு குறையாமல் மன்னனுக்குச் சேர்ந்தது. புராணக் கதைகளில் இவ்வளவு நேர்மையான கணக்கு அபூர்வம்.

புதையலும் ஒருநாள் தீர்ந்தது. அன்னதானம் நிற்கக்கூடாதென்று வழிப்பறியில் இறங்கினார் நீலன். திருவாலிக்கு அருகே மணக்கோலத்தில் வந்த பெருமாளையே மறித்து, கழற்ற வராத கால் மோதிரத்தைப் பல்லால் கடித்து இழுத்தார். அங்கேயே திருமந்திர உபதேசமும் பெற்றார்.

பின்னர் அவர் பாடிய பெரிய திருமொழியில் 1,084 பாசுரங்கள். அதில் காஞ்சித் தலங்களுக்குப் பின் திருக்கோவலூர், திருவயிந்திரபுரம், தில்லைத் திருச்சித்திரகூடம், சீகாழி, திருவாலி என்ற வரிசை வருகிறது. காஞ்சியிலிருந்து ஊர் திரும்புகிறவனின் வழி அது! அன்று கைதியாக நடந்ததும் இதே வழியாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தில்லையில், இன்று நடராஜர் சந்நிதிக்கு அருகிலேயே சேவை சாதிக்கும் கோவிந்தராஜனைப் பாடும்போது, பல்லவ மன்னன் பொன்னும் மணியும் கொணர்ந்து பணிந்ததைக் குறிப்பிடுகிறார் ஆழ்வார். பொன் கேட்கும் மன்னனை அறிந்தவர், பொன் கொடுக்கும் மன்னனைப் பாடியிருக்கிறார்!

தை அமாவாசையை ஒட்டித் திருநாங்கூரில் நடக்கும் பதினொரு கருட சேவைக்கு, ஆழ்வாரும் குமுதவல்லியும் வயல்களின் வழியே எழுந்தருளுகிறார்கள். அவர்கள் சென்ற வயலில் விளைச்சல் கூடும் என்பது அவ்வூர் உழவர்களின் நம்பிக்கை.