சைக்கிளில் போன கூடாரம்

லண்டனில் தையற்காரராக வாழ்ந்தவர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங். பிறந்தது 1844-ல். ஒன்பது வயதுச் சிறுவனாகப் பெற்றோருடன் அமெரிக்கப் புல்வெளிகளை வண்டிக் கூட்டத்தோடு கடந்தார். வெட்டவெளியில் தங்கும் ஆசை அன்று பிடித்தது. பிறகு விடவே இல்லை.

அந்நாளில் கூடாரம் என்றால் பெருஞ்சுமை. பட்டாளமும் பணக்காரர்களும்தான் அதைச் சுமக்க ஆள் வைக்க முடியும். ஏழை எளியவர் என்ன செய்வது? ஹோல்டிங் ஊசியும் நூலும் எடுத்தார். மெல்லிய பட்டுத் துணியில் சிறு கூடாரம் உருவாயிற்று. மடித்தால் சைக்கிளில் கட்டிவிடலாம்!

1897-ல் அயர்லாந்தில் நண்பர்களோடு சைக்கிளில் சுற்றி, அத்தகைய கூடாரத்திலேயே தங்கினார். 1901-ல் சைக்கிள் முகாம்காரர்களுக்குச் சங்கம் கண்டார். கூடாரம் தேர்ந்தெடுப்பது, அடிப்பது எல்லாவற்றையும் விளக்கி 1908-ல் கைநூல் எழுதினார். 1930-ல் காலமானார்.

இன்று சனி, ஞாயிறுகளில் சிறு கூடாரத்தைத் தோளில் மாட்டிப் புறப்படும் குடும்பங்களுக்கு வழி திறந்தவர் அந்தத் தையற்காரரே.