தமிழ் அச்சின் தந்தை அண்டிரிக் அடிகளார்

மேசைக் கணினியும் மடிக்கணினியும் இன்னும் எத்தனை நாள்? டேப்லெட்டும் ஸ்மார்ட்போனும் அவற்றின் இடத்தைப் பிடித்துவிடுமா? இன்று மாணவியராகிய நம்மிடையே அடிக்கடி எழும் வினா இது. எழுதும் கருவி மாறுவது தமிழுக்குப் புதிதன்று. ஓலையும் எழுத்தாணியும் ஆண்ட நாட்டிற்கு அச்சு நூலைத் தந்த ஒருவரின் வாழ்வை அறிந்தால், இவ்வினாவிற்கும் விடை கிடைக்கும். அவரே அண்டிரிக் அடிகளார் என நாம் அழைக்கும் ஹென்றிக் ஹென்றிக்கஸ்.

அடிகளார் 1520 ஆம் ஆண்டு போர்ச்சுகல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய முன்னோர் யூதர்கள். இளமையில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். ஆனால் யூத மரபினர் என்ற காரணத்தால் அங்கிருந்து விலக்கப்பட்டார். குலத்தைக் காட்டி ஒதுக்கப்பட்ட அவர் மனம் தளரவில்லை. 1545 இல் இயேசு சபையில் சேர்ந்து, 1546 இல் கப்பலேறி இந்தியா வந்தார். புனித சவேரியார் அவரை முத்துக்குளித்துறைக்கு அனுப்பினார்.

அங்கே அவரை வாட்டியது மொழியே. அவர் சொல்வதை மொழிபெயர்ப்பவர் மாற்றிச் சொன்னால் கேட்போர் எப்படி அறிவர்? ஆகவே தாமே தமிழ் கற்கத் துணிந்தார். மக்களின் பேச்சை ஊன்றிக் கேட்டார். வினைச்சொற்கள் காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்பத் திரியும் முறையைக் குறித்து வைத்தார். அக்குறிப்புகள் வளர்ந்து, போர்ச்சுகீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கண நூலாயின. அது அவர் காலத்தில் அச்சேறவில்லை. கையெழுத்துப் படியாகவே நின்றது.

1554 இல் லிஸ்பன் நகரில் ஒரு தமிழ் நூல் அச்சாகியிருந்தது. ஆனால் அதில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் இருந்தன. நம் மக்கள் அதை எவ்வாறு படிப்பர்? தமிழுக்குத் தமிழ் எழுத்தே வேண்டும். அது எளிய வேலையன்று. கி, கு, டு, மு எனப் பல உயிர்மெய்களுக்குத் தனித்தனி அச்சு வெட்ட வேண்டும். 1577 இல் கோவாவிலும் 1578 இல் கொல்லத்திலும் இயேசு சபையினர் அவ்வெழுத்துகளை உருவாக்கினர். முத்துக்குளித்துறை மக்கள் பொருளுதவி செய்தனர். 1578 அக்டோபர் 20 ஆம் நாள் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறே பக்கங்கள்! ஆயினும் இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் இந்நாட்டில் அச்சான முதல் நூல் அதுவே. 1579 இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சாயிற்று. 1586 இல் புனிதர்களின் வரலாறு கூறும் பெரிய நூல் ஒன்று வந்தது. ஐம்பதாண்டுகளுக்கு மேல் உழைத்த அடிகளார் 1600 ஆம் ஆண்டு மறைந்தார்.

இனி ஓலைக்கு வேலையில்லை என்று அன்று யாரேனும் எண்ணியிருந்தால், அவர் ஏமாந்திருப்பார். அச்சுக்கு ஈய எழுத்து, மை, காகிதம், பொறி, பயின்ற ஆள் எல்லாம் வேண்டும். ஓலைக்கோ ஊர்ப் பனைமரமும் ஓர் எழுத்தாணியும் போதும். மேலும் 1835 இல் சட்டம் மாறும்வரை இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்த இயலவில்லை. ஆகவே அடிகளாருக்குப் பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஓலையும் அச்சும் அக்காள் தங்கை போல் ஒன்றாகவே வாழ்ந்தன. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி, 1887 இல் சீவக சிந்தாமணியையும் 1892 இல் சிலப்பதிகாரத்தையும் 1894 இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அச்சேறிய நூல்கள் பிழைத்தன. எவரும் எடுத்துப் பார்க்காத ஏடுகளோ கரையானுக்கு இரையாயின.

நம் காலத்திற்கு வருவோம். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் நம்மில் பலர் கைப்பேசியில்தான் பாடம் படித்தோம். அப்பா ஷிப்டுக்குப் புறப்பட்டால் கைப்பேசியும் உடன் போய்விடும்; வகுப்பு நின்றுவிடும். மடிக்கணினி இல்லாத வீட்டிற்குக் கைப்பேசியே பள்ளி. எனினும் நீண்ட கட்டுரை எழுதவும், கணக்குப் பட்டியல் போடவும், நிரல் எழுதவும் விசைப்பலகையும் அகன்ற திரையுமே வசதி. நெய்வேலிச் சுரங்கத்தில் இராட்சத சக்கர இயந்திரம் மண்ணை அள்ளுகிறது. நம் குவார்ட்டர்ஸ் தோட்டத்திற்கோ மண்வெட்டியே போதும். வேலைக்கேற்பக் கருவி!

ஆகவே மடிக்கணினி நாளையே மறையப் போவதில்லை. ஒருநாள் மறைந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது வேறொன்று. பழைய கருவியில் உள்ள நம் பாடக் குறிப்புகளும் பாட்டியின் படங்களும் புதிய கருவிக்கு மாற்றப்படாமல் அழிந்துவிடலாம். அவற்றைக் காப்பது நம் கடமை. வந்த நாட்டின் மொழியைக் கற்று, அதன் எழுத்திலேயே நூல் தந்த அண்டிரிக் அடிகளாரைப் போல், எக்கருவி வந்தாலும் அதில் நம் தமிழை ஏற்றுவோம்.